மருமகன் தலையும் நாலு சின்ன வார்த்தைகளும்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மருமகன் முடி வெட்டிக்கொள்ள என் கடைக்கு வந்தான். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அவன் பாட்டுக்கு, முன்பே வந்து காத்திருந்த இரண்டு மலாய்க்காரர்களுக்கு அடுத்தபடியாகப் பெஞ்சியில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தான். தேநீர் கொண்டுவந்த என் மனைவி சரோஜா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க இது, மாப்பிள்ளைய லைன்ல உட்கார வச்சிருக்கீங்க?"

"நான் வைக்கல. அவனா உட்கார்ந்தான்."

"ஊர்ல தெரிஞ்சா சிரிப்பாங்க லா," என்றாள், இந்த நாட்டுப் பேச்சின் 'லா'வையும் சேர்த்து.

ஊரில் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கத்தரியும் சீப்புமாகக் கிளம்பி, மலாக்கா மாநிலத்தில் ரெம்பியா என்கிற சின்ன ஊரில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் செல்வம், தன் மருமகனுக்குத் தானே முடி வெட்டுகிறான். மருமகன் சீனன், பெயர் கென்னி. அவனுக்குத் தெரிந்த தமிழ் இரண்டே சொல்: 'சாப்டாச்சா', 'போதும்'. எனக்குச் சீனம் அதுவும் கிடையாது. ஆகவே நாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறோம். என் ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்லாமல் கென்னியைப் பற்றிச் சொல்ல முடியாது.

2

நான் இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. வந்த முதல் வாரத்தில் ஒரு சீன லாரி ஓட்டுநர் நாற்காலியில் உட்கார்ந்து, "சைட் ஷார்ட், பட் டாப் டோன்ட் டச்" என்றார். சைட் என்றபோது காதோரம் விரலை வைத்தார். டாப் என்றபோது உச்சந்தலையைத் தொட்டார். இரண்டு இடத்தையும் அவர் காட்டிவிட்டாரே என்ற மகிழ்ச்சியில் இரண்டையும் சுத்தமாக வெட்டினேன்.

அவர் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். திட்டவில்லை. பையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். கடை முதலாளி சொன்னபிறகுதான் நடுவில் 'பட்' என்று ஒன்று வந்ததே எனக்குத் தெரியும். தலையை விரலால் காட்டலாம், காதைக் காட்டலாம், மீசையைக் காட்டலாம். 'ஆனால்' என்பதை எந்த விரலால் காட்டுவது?

அன்றைக்கு முடிவு செய்தேன். மற்றவர்கள் ஆங்கிலத்தை நாய், பூனை, வீடு என்று பெரிய சொற்களிலிருந்து கற்பார்கள். நான் சின்னச் சொற்களிலிருந்து தொடங்கினேன். அபவ், பிஹைண்ட், அண்டில், ஃப்ரம், வித். இவற்றைக் கோர்க்க ஒரு பட், ஓர் அண்ட், ஓர் ஆர். தனியாக நின்றால் இவை ஒன்றுக்கும் உதவாத பயல்கள். இரண்டு மூன்று சேர்ந்துவிட்டால் ஒரு மனிதனின் முகத்தையே மாற்றிவிடும். 'அபவ்' என்றால் ஒரு வெட்டு, 'அபவ் பட் நாட் அண்டில்' என்றால் வேறு வெட்டு. அவசரத்தில் இருக்கும் வாடிக்கையாளர், "ஃப்ரம் பிஹைண்ட் அண்டில் ஹியர், அண்ட் அபவ் நோ நீட்" என்பார். அதில் தலை என்ற சொல்லே கிடையாது. நான் பிசகாமல் வெட்டிவிடுவேன். ஆனால் அவரே எழுந்து நின்று வானிலை பற்றிப் பேசினால் எனக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது.

இந்தச் சின்னச் சொற்களுக்கு இலக்கணத்தில் முன்னிடைச்சொல், இணைப்புச்சொல் என்று பெயர் இருப்பதாக ஆசீர்வாதம் சார்தான் சொன்னார். அவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். தலையில் முடி குறைவு, கண்டிப்பு அதிகம். வெட்ட ஒன்றும் இல்லாவிட்டாலும் மாதம் தவறாமல் வந்து உட்காருவார். பக்கத்து நாற்காலியில் நடக்கும் ஆங்கிலத்தைத் திருத்தத்தான் வருகிறார் என்பது என் சந்தேகம்.

"செல்வம், அண்டில் நேரத்துக்குத்தான் வரும் லா. காதுக்கு அப் டு சொல்லணும்."

"ரெம்பியாவுல எல்லாத் தலையும் அண்டில்லதான் சார் வெட்டிட்டுப் போகுது."

"அப்ப ரெம்பியாவே தப்பு."

"தலை சரியாத்தானே சார் இருக்கு?"

இன்னொரு நாள், தமிழில் 'காதுக்கு மேலே' என்று காது முன்னால் வருகிறது, ஆங்கிலத்தில் 'மேலே' முன்னால் வந்துவிடுகிறது, இதைக் கவனித்தாயா என்று கேட்டார். வெள்ளைக்காரன் எப்போதுமே இடத்தை முதலில் பிடித்துக்கொண்டுதான் சார் அப்புறம் ஆளைக் கூப்பிடுவான் என்றேன். சார் சிரித்துவிட்டு, அதையும் திருத்த முடியுமா என்று யோசிக்கத் தொடங்கினார்.

3

என் மகள் தேவியின் கதை நேர்மாறு. தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய்ப் பள்ளி, அப்புறம் மலாக்கா பட்டணத்தில் கணினி வேலை. அவள் என்னிடம் தமிழில்தான் பேசுகிறாள். ஆனால் இப்படிப் பேசுகிறாள்: "அப்பா, நான் கிளம்பிட்டேன், பட் ரோட்டுல ஜேம், சோ லேட்டாகும், பிகாஸ் மழை." சோறு, மழை, அப்பா, அம்மா எல்லாம் தமிழாக இருக்கின்றன. அவற்றைக் கோர்க்கிற நூல் மட்டும் எப்போதோ ஆங்கிலமாகிவிட்டது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது 'ஆனா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த நாளில் 'ஆனா' போய் 'பட்' வந்தது என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் நம்மைவிட்டு நகர்வது பெரிய சொற்களில் தெரிவதில்லை. இதை நான் கொஞ்சம் வருத்தமாகவே கவனித்தேன்.

வந்த அந்த 'பட்'டும் சும்மா வரவில்லை. "மாப்பிள்ளை பார்க்கிறீங்க, நல்லதுதான்ப்பா, பட்..." என்று ஆரம்பிப்பாள். அதற்குமேல் வராது. அம்மா கூப்பிடுவாள், அல்லது கைப்பேசி அடிக்கும். ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் பாதியிலேயே நின்றது.

மீதிப் பாதி என் கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

கென்னி அப்போது எனக்கு வெறும் வாடிக்கையாளன். கடலோரம் தங்கா பத்துவிலிருந்து வழியில் இருக்கும் அத்தனை கடைகளையும் விட்டுவிட்டு மாதாமாதம் ரெம்பியாவுக்கு வருவான். ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, "அங்கிள் கட் நைஸ்" என்றான். நான் பூரித்துப்போய் பின்கழுத்துக்கு இலவசமாகப் பவுடர் போட்டேன். முடிவெட்டுகிறவனுக்குக் கை ஓடினால் வாயும் ஓடும். மகளுக்கு வரன் தேடுவதை அவனிடமே சொன்னேன். இந்தியாவிலிருந்து வந்தாலும் சரி, என் மனைவி பிறந்த பெம்பான் பக்கமாக இருந்தாலும் சரி, "பட் மஸ்ட் தமிழ்" என்றேன்.

"மஸ்ட் ஆ, அங்கிள்?"

"மஸ்ட்."

அடுத்த மாதம் வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "அங்கிள், ஃபைண்ட் ஆல்ரெடி?" இன்னும் இல்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, "ஸ்டில் மஸ்ட்?" என்றான். ஸ்டில் மஸ்ட் என்றேன். இப்படியே பல மாதம். நல்ல பையன், அடுத்தவர் வீட்டுக் கவலையை எவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறான் என்று சரோஜாவிடம் பெருமையாகச் சொல்வேன். அவள் குனிந்து கீரை ஆய்வாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஒரு மாதம், பார்த்த வரன் எல்லாம் தட்டிப்போன அலுப்பில், "மஸ்ட் தமிழ், பட்..." என்று இழுத்துவிட்டேன். கண்ணாடியில் அவன் கண் திறந்தது. "பட் வாட், அங்கிள்?" என்றான். நல்ல மனசும் முக்கியம் என்கிற மாதிரி எதையோ சொல்லி வைத்தேன். அந்த ஒரு பட் போதுமாயிருந்தது. அந்தத் தீபாவளிக்கு அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து சாப்பிட்டுப் போகிற எங்கள் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்கு ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றான். தேவி அவன் பக்கத்தில் நின்று, பாதியில் நின்ற வாக்கியத்தை முடித்தாள்.

எனக்குக் கோபம் வராமலில்லை. கோபத்தைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அவன் உச்சந்தலையில் ரெட்டைச் சுழி. ஊரில் ரெட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கல்யாணம் என்பார்கள். இந்தக் குடும்பத்திலேயே அது எனக்கு மட்டும்தான் தெரியும். சரோஜாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ரெண்டு கல்யாணம்தானே? கோயில்ல ஒண்ணு, சீன முறையில ஒண்ணு. முடிஞ்சிருச்சு லா," என்றாள்.

4

கல்யாண வேலை தொடங்கியது. பதிவு அலுவலகத்துக்கு நானும் தேவியும் கென்னியும் போனோம். என் பெயருக்குப் பின்னால் இருக்கும் அப்பா பெயர் ஒரு காகிதத்தில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் இருந்ததால், நான் என் அப்பாவுக்குத்தான் பிறந்தேன் என்று மூன்று கவுண்டர் முகப்புகளில் போய்ச் சொல்லவேண்டியிருந்தது. கடைசி முகப்பில் இருந்த குமாஸ்தா பொழுதுபோகாமல், அப்பா என்ன வேலை என்று தேவியிடம் மலாயில் கேட்டார்.

"பிஸ்னஸ்," என்றாள் தேவி.

பொய்யில்லை. கடை இப்போது என்னுடையதுதான். இருந்தாலும் தைத்தது. ஊரில் எங்கள் அப்பாவின் முடிவெட்டும் தொழிலைச் சொல்ல யாரும் யோசித்ததில்லை. பெயருக்குப் பதிலாகவே அதைத்தான் சொல்வார்கள். அதைவிட்டு இவ்வளவு தூரம் வந்தும் என் மகள் அந்தச் சொல்லைத் தாண்டிக் குதிக்கிறாள் என்று பட்டது. வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது கென்னியின் அம்மாவிடமிருந்து கைப்பேசியில் ஒரு குரல் செய்தி வந்தது. அவர் தங்கா பத்துவில் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவர், கணவர் இறந்து சில வருடமாகிறது. அவரும் என் கட்சிதான், சின்னச் சொற்களில் பேசுகிறவர். "மிஸ்டர் செல்வம் ஆ, பிஃபோர் வெட்டிங், ஈவினிங், யூ கம் மை ஹவுஸ். கென்னி ஹேர், யூ டூ. அவர் கஸ்டம். மஸ்ட் பி யூ."

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை நான் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கென்னியின் தலைமுடியைக் கவனிக்கவேண்டும். அது அவர்கள் வழக்கம். நானேதான் வரவேண்டும். ஒரு சொல்கூடத் தவறாமல் புரிந்தது. புரிந்ததுதான் வினை.

ஏனென்றால் அந்த வழக்கம் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் முதல் நாள் அப்பாவுக்குச் சொல்லி அனுப்புவார்கள். கொல்லைப்பக்கமாகப் போவார். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் மாப்பிள்ளையை உட்காரவைத்துச் சவரம் செய்வார். முடிந்ததும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விரித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். அரிசியும் வெற்றிலையும் ஒரு வேட்டியும் மேலேயிருந்து அதில் விழும். கைபடாமல் விழும். மறுநாள் கல்யாணத்தில் அவர் பந்தலுக்கு வெளியே இருப்பார். பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போன எனக்கு அதில் எதுவும் மறக்கவில்லை.

"அவங்களுக்குச் சம்பந்தி வேணாம், பார்பர்தான் வேணும்," என்றேன் சரோஜாவிடம்.

"போன் போட்டுக் கேளுங்களேன், என்ன வழக்கம்னு."

"கேக்க என்ன இருக்கு? முத நாள் மாப்பிள்ளைக்குத் தலை வெட்டுனவன் மறுநாள் மணவறையில உட்கார்ந்து பொண்ணைத் தாரை வார்ப்பானா? பந்தல்ல உள்ளவங்க என்ன நினைப்பாங்க?"

"ஊர்ல உள்ளவங்க யாரும் இங்க இல்ல. உங்க தலைக்குள்ளதான் இருக்காங்க."

பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், அவளுக்குச் சுலபமாகச் சொல்ல முடிகிறது. தேவி கூப்பிட்டபோது, போகமாட்டேன் என்று சொல்வதற்குத்தான் கைப்பேசியை எடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "அப்பா, ஆண்ட்டி சொன்னாங்களா? கண்டிப்பா போங்கப்பா, ப்ளீஸ். நீங்க மாட்டேன்னு சொன்னா அவங்க ரொம்பச் சங்கடப்படுவாங்க."

என் சங்கடம் அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் கல்யாணம் அவளுடையது. வெட்டச் சொன்னால் வெட்டிவிட்டு வருவோம், மறுநாள் தாரை வார்க்க சரோஜாவின் அண்ணனை உட்காரச் சொல்லிவிடுவோம் என்று மனதுக்குள் ஏற்பாடு செய்துகொண்டேன்.

5

அந்த மாலை கத்தரி, மெஷின், சவரக்கத்தி, மேலே போர்த்தும் துணி எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொண்டேன். சரோஜா பட்டுப்புடவை கட்டி ஒரு தட்டில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு வந்தாள். அவளை முன்வாசலில் இறக்கிவிட்டு, காரை நிறுத்தப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. கால்கள் தாமாகவே போயின.

பின்பக்கம் சமையலறைக் கதவு திறந்திருந்தது. கென்னியின் அம்மா சிவப்பு உடையில், அடுப்பில் எதையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னையும் பையையும் பார்த்துத் திகைத்துவிட்டார். "ஐயோ, வொய் யூ கம் ஃப்ரம் பிஹைண்ட்?" என்றார். அந்த 'ஐயோ' எங்களிடமிருந்து போனதா, அவர்களிடமே இருந்ததா தெரியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அடுப்படி வழியாக உள்ளே விடவில்லை. வந்த வழியே வீட்டைச் சுற்றி நடத்திக் கூட்டிக்கொண்டுபோய் முன்வாசல் வழியாக உள்ளே சேர்த்தார்.

கூடத்தில் அவர்கள் உறவினர் எல்லாம் நின்றார்கள். நடுவில் ஒரு நாற்காலியில் கென்னி புது உடுப்போடு, பரீட்சைக்கு வந்தவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்து மேசையில் இரண்டு சிவப்பு மெழுகுவத்தி, ஒரு தட்டு, தட்டில் ஒரு புதுச் சீப்பு. நான் பையைத் திறந்து போர்த்தும் துணியை உதறினேன்.

"நோ கட்டிங் லா, அங்கிள்," என்றான் கென்னி. "ஒன்லி கோம்ப்."

பிறகு அவன் விளக்கியதைத் தமிழில் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் தலையை ஒரு பெரியவர் நாலு முறை வாரி வாழ்த்தவேண்டும். வாருகிறவர் மனைவி மக்களோடு நிறைவாக வாழ்கிறவராக இருக்கவேண்டும். அப்பா இருந்திருந்தால் அவர் வாருவார். அம்மா தனியாக நிற்பவர், அவர் வாரக்கூடாது என்று உறவில் சொல்லிவிட்டார்கள். யாரை அழைக்கலாம் என்று அம்மா தேவியிடம் யோசனை கேட்டிருக்கிறார். எங்க அப்பா பார்பர், ரெம்பியாவில் பாதித் தலை அவர் தொட்ட தலைதான், அவர் வாரட்டும் என்று தேவி சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கு அதைவிடப் பொருத்தமான ஆள் தோன்றவில்லை. விவரத்தை ஆண்ட்டி எனக்குச் சொல்லியிருப்பார் என்று தேவி நினைத்துக்கொண்டாள். தேவி சொல்லியிருப்பாள் என்று ஆண்ட்டி நினைத்துக்கொண்டார்.

"பார்பர்னா சொன்னா?" என்று கேட்டேன், தமிழில். அவனுக்குப் பார்பர் மட்டும் புரிந்தது. "யெஸ், பார்பர்," என்றான்.

கென்னியின் அம்மா என் கையிலிருந்த பையை வாங்கி, தரையில் வைக்காமல் ஒரு நாற்காலியில் வைத்தார். சீப்பைக் கொடுத்தார். வாரும்போது நல்ல வார்த்தை சொல்லவேண்டும், எந்த மொழியானாலும் சரி என்றார்.

வாழ்நாளில் எத்தனையோ தலை வாரியிருக்கிறேன், வாழ்த்திக்கொண்டு வாரியது அன்றுதான். பின்கழுத்தில் கொஞ்சம் முடி ஒழுங்கில்லாமல் துருத்திக்கொண்டிருந்தது வேறு கண்ணை உறுத்தியது. போன ஞாயிறு அவன் கடைக்கு வந்தபோது வெட்டியது அதைத்தான். நெற்றியில் சீப்பை வைத்து, ரெட்டைச் சுழியைத் தாண்டி, பிடரிவரை இழுத்தேன். தமிழில் வாழ்த்தினால் அங்கே சரோஜாவைத் தவிர யாருக்கும் புரியாது. சீனம் எனக்கு வராது. கடை ஆங்கிலம்தான் கிடைத்தது.

"ஃப்ரம் ஹியர்," என்றேன். அடுத்த வாரலுக்கு, "அண்டில் தேர்." மூன்றாவதுக்கு, "வித் மை டாட்டர்."

நாலாவது முறை வாரும்போது ஒன்றும் வரவில்லை. கென்னி திரும்பாமலே மெதுவாகக் கேட்டான்.

"பட்?"

"நோ பட்," என்றேன்.

கூடம் சிரித்தது. கென்னியின் காதுமடல் சிவந்ததை நான் மேலேயிருந்து பார்த்தேன். சரோஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் தாரை வார்க்க அவள் அண்ணனை நான் கூப்பிடவில்லை. அப்படி ஒரு யோசனை இருந்தது அவருக்கு இன்றுவரை தெரியாது.

எல்லாம் முடிந்ததும் கென்னியின் அம்மா ஒரு சிவப்பு உறையை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்தார். தலை வாரியவருக்குக் கொடுப்பது அவர்கள் முறை. என் கை என்னையறியாமல் தோளுக்குப் போனது. அங்கே துண்டு இல்லை, கல்யாண வீடென்று புதுச் சட்டை போட்டிருந்தேன். கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அவர் லேசாகக் குனிந்து, உறையை இரண்டு கையாலும் பிடித்து நீட்டிக்கொண்டு நின்றார்.

"ரெண்டு கையால வாங்குங்க," என்றாள் சரோஜா பின்னாலிருந்து.

வாங்கினேன். அவர் விரல்கள் என் விரல்களில் பட்டன. எங்கள் அப்பாவும் எல்லாக் கல்யாணத்திலும் இரண்டு கையைத்தான் நீட்டினார். எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு கை நீண்டு வந்ததை அவர் பார்க்கவேயில்லை.

பையை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்தேன்.